பெயர் எழுதிய விமானம்

பெரியதைச் சிறியதாக்கிக் கையில் ஏந்திப் பார்ப்பது மனிதனின் பழைய ஆசைகளுள் ஒன்று. தேரோடும் ஊர்களில் திருவிழா முடிந்த மறுநாளே சிறுவர்கள் சிறுதேர் கட்டித் தெருவில் இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். டிசம்பர் பிறந்தால் நம் இல்லங்களில் குடில் எழும். 1223-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாகப் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்துக் காட்டிய காட்சி இந்த வழக்கத்துக்கு முன்னோடி. நம் குடில்களில் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆட்டுக்குட்டி ஒட்டகத்தினும் பெரிதாய் நிற்கும். உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும். வீட்டுப் பிள்ளை பிடிவாதம் பிடித்தால் பெத்லகேமின் மேலே நூலில் கட்டிய விமானம் ஒன்றும் தொங்கும். பார்க்க வருகிறவர் எவரும் குறை சொல்வதில்லை. குழந்தையும் தாயும் அருகில் நிற்கும் யோசேப்பும் இருந்தால் போதும். மற்ற பிழைகளையெல்லாம் அவர்களுடைய இருப்பே மூடிவிடுகிறது.

அளவு பிசகாமல் சிறிதாக்குவது வேறொரு கலை. கப்பல், புகைவண்டி, விமானம் ஆகியவற்றை நூற்றில் ஒரு பங்கு, இருநூற்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு, ஓர் ஆணி, ஒரு கதவின் கோடு, ஓர் எழுத்தின் சாய்வுகூட மாறாமல் உருவாக்குவதில் வாழ்நாளைச் செலவிடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துவரும் எனக்கு, இந்தக் கலையோடு பழக்கம் ஏற்பட்டது 2025-ஆம் ஆண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையில்தான். இராஜபாளையத்தில் வாழும் என் மகளின் பையன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். சிங்கப்பூரிலிருந்து வந்த அவனுடைய சிற்றப்பா ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே போயிங் 747 என்னும் பெரிய பயணிகள் விமானத்தின் பிளாஸ்டிக் உறுப்புகள் இருந்தன. "தாத்தா வந்து உதவினால்தான் ஆகும்" என்று பேரன் தொலைபேசியில் சொல்லிவிட்டான். அரை மணி நேரப் பேருந்துப் பயணம். விடுமுறை முழுவதும் காலையில் போவதும் மாலையில் திரும்புவதுமாக இருந்தேன்.

வேலை தொடங்கிய பிறகுதான் அதன் பொறுமை புரிந்தது. உறுப்புகள் காய்க்கொத்துப்போல் பிளாஸ்டிக் சட்டங்களில் தொங்குகின்றன. முறித்தெடுக்கலாகாது; பிளேடினால் அறுத்தெடுத்து, அறுத்த தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உடல் இடம் வலமாக இரண்டு பாதி. சாதாரணப் பசை இதற்கு உதவாது. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சற்றுக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும் திரவத்தைத் தூரிகை நுனியால் தடவி, ரப்பர் வளையமும் துணிக் கிளிப்பும் மாட்டி ஓரிரவு காத்திருக்க வேண்டும். மறுநாள் அந்த இணைப்புக் கோட்டில் மசை பூசி, காய்ந்தபின் நீர் தொட்டுத் தேய்த்து, விரல் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். கண் ஏமாந்தாலும் நகம் ஏமாறாது. இவ்வளவும் ஒரு கோடு தெரியாமலிருப்பதற்காக.

பெட்டியின் மேல் 1/144 என்று அச்சிட்டிருந்தது. ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு அடி என்று கணக்கு. பேரனுக்கு இது பிடிபடுவதற்காக எங்கள் ஊர்க் கோபுரத்தைத் துணைக்கு அழைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் 192 அடி உயரம் என்பார்கள். இந்த விமானத்தின் இறக்கை, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, 195 அடிக்குச் சற்று அதிகம். அதாவது கோபுரத்தைப் படுக்கவைத்தால் ஏறத்தாழ இறக்கை அகலம் வந்துவிடும். அந்தக் கோபுரமும் விமானமும் இந்தக் கணக்கில் பதினாறு அங்குலத்துக்குச் சுருங்கி எங்கள் மேசையில் அடங்கின. "அப்ப மனுசன் எவ்வளவு தாத்தா?" என்று கேட்டான். ஐந்தரை அடி மனிதன் அரை அங்குலத்துக்கும் குறைவு. அவன் கட்டைவிரல் நகத்தை அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாதிரியைச் சக்கரங்களில் நிறுத்தினால் வால் கனத்து, மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஆகவே உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் மூக்கினுள் எடை வைத்துவிட வேண்டும். நாங்கள் தூண்டிற் கயிற்றில் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி உள்ளே ஒட்டினோம். ஒட்டி மூடியபின் அதை எவரும் பார்க்கப்போவதில்லை. ஆயினும் விமானம் நேராக நிற்பதற்கு அதுதான் காரணம்.

வெள்ளை வண்ணம் பூசிக் காய்ந்தபின் அலங்காரம் தொடங்கிற்று. 1971-இல் ஏர் இந்தியா நிறுவனம் தன் முதல் 747 விமானத்தைப் பெற்றபோது, அதன் ஒவ்வொரு சாளரத்தைச் சுற்றியும் அரண்மனை மாடத்தைப்போல் சிவப்பு வளைவு ஒன்றைத் தீட்டியது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பேரரசரின் பெயரையும் சூட்டியது. அசோகர், ஷாஜஹான், அக்பர், இராசேந்திர சோழர், மகேந்திரவர்மர், கனிஷ்கர் என அந்த வரிசை நீண்டது. நீரில் நனைத்தால் தாளைவிட்டு வழுகி வரும் ஒட்டுப்படத் தாளொன்றில் அந்தச் சிவப்பு வளைவுகளும் பெயர்களும் அச்சிடப்பட்டிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட சாளரங்கள். ஒவ்வொன்றும் நெல்மணியளவுகூட இராது. பல் குச்சியின் முனையால் அவற்றை நேர்ப்படுத்த எங்களுக்கு மூன்று நாட்கள் ஆயின.

பெயர் மட்டும் எஞ்சியது. அந்த நிறுவனத்தின் அந்தக் காலத்து 747-கள் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று சொல்வது பெயரும் பதிவெழுத்தும்தான். முதலில் பேரன் இராசேந்திர சோழர் என்றான். தமிழ்ப் பிள்ளையின் விருப்பம் அப்படித்தானே இருக்கும்! இரண்டு நாள் கழித்து மனம் மாறியிருந்தான். "தாத்தா, கனிஷ்கா போடுவோம். கடைசி நாள் அதுல அஞ்சு எஞ்சின் இருந்துச்சாம். வேற யாரும் செய்யாத மாதிரி நாம செய்யலாம்" என்றான். எங்கோ படித்திருக்கிறான். அவன் சொன்னது உண்மை. பழுதுபட்ட எஞ்சின் ஒன்றைச் சீர்செய்வதற்காக இந்தியாவுக்குக் கொண்டுவர, இடப்பக்க இறக்கையின் அடியில், உடலுக்கும் உள் எஞ்சினுக்கும் இடையே, ஐந்தாவதாக மாட்டியிருந்தார்கள். மாதிரி செய்கிறவனுக்கு அத்தகைய ஒரு விவரம் புதையல் கிடைத்தது போலத்தான்.

சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, அது வேண்டாம். ஜூன் மாசம் அகமதாபாத் விமானம் விழுந்ததை டிவியில பார்த்துட்டு இவன் ரெண்டு நாள் சரியா தூங்கல. செத்தவங்க விமானத்தைச் செஞ்சு வரவேற்பறையில வைக்கிறதா? விளையாட்டுப் பொருள்ல ஏன்ப்பா இந்தப் பேரு?" என்றாள். பையன் என் முகத்தைப் பார்த்தான். அன்று நான் விடை சொல்லவில்லை. "நாளைக்குப் பேசலாம்மா" என்று எழுந்துவிட்டேன். ஊர் திரும்பும் பேருந்தில் அவள் கேள்வி என்னுடனேயே வந்தது. அது சகுனம் பார்க்கும் கேள்வி அன்று. பிறர் துயரத்தை நாம் கைவேலையாக்கிக்கொள்ளலாமா என்னும் அறக் கேள்வி அது. அதற்கு விடை காணுமுன், நடந்தது என்ன என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது என் கடமையெனப் பட்டது.

1985-ஆம் ஆண்டு ஜூன் 23. கனடாவிலிருந்து இலண்டன் வழியாகத் தில்லிக்கும் பம்பாய்க்கும் செல்லவேண்டிய கனிஷ்கா விமானம், அயர்லாந்துக் கரைக்கு அப்பால் 31,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கையில், சரக்கறையிலிருந்த பெட்டியில் மறைத்துவைத்த குண்டு வெடித்து அட்லாண்டிக் கடலில் சிதறி விழுந்தது. விமானத்திலிருந்த 329 பேரும் மாண்டனர். 131 உடல்களே கிடைத்தன. பள்ளி விடுமுறைக்குப் பாட்டி தாத்தாவைப் பார்க்கப் புறப்பட்ட குழந்தைகள் அவர்களுள் பலர். அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில், வேறொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி வெடித்துச் சுமைதூக்கும் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். சதி ஒன்றே.

அந்தப் பெட்டி வான்கூவர் நகரில் ஏற்றப்பட்டது. அதைக் கொடுத்த மனிதருக்கு மேற்கொண்டு செல்லும் விமானத்தில் இடம் உறுதியாகவில்லை. ஆகவே பெட்டியை நேரே அனுப்ப இயலாது என்று அலுவலர் முதலில் மறுத்தார். வரிசை நீண்டிருந்தது, அம்மனிதர் விடாமல் வற்புறுத்தினார், அலுவலர் இணங்கினார். பெட்டி சென்றது, கொடுத்தவர் ஏறவில்லை. டொராண்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே கருவி இடையில் பழுதாயிற்று. எஞ்சியவை கையடக்கக் கருவியொன்றால் சோதிக்கப்பட்டன. ஐந்தாம் எஞ்சினையும் அதன் உறுப்புகளையும் ஏற்றுவதில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதம் நேர்ந்தது. அந்த நேரம் முழுவதும் விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியும் உள்ளே இருந்தது. கனடா அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2010-இல் அளித்த அறிக்கை, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய பிழைகளே இக்கொடுமைக்கு வழிவிட்டன என்று சொன்னது. வழக்கோ இருபதாண்டுகள் நீண்டது. 2005-இல் இருவர் விடுதலையாயினர். குண்டுக்கான பொருள்களைச் சேர்த்துத் தந்த ஒருவர் மட்டுமே தண்டனை பெற்றார்.

இவற்றையெல்லாம் படித்தபோது என்னுள்ளேயே ஒன்றைக் கண்டு நாணினேன். ஐந்தாம் எஞ்சினைப் பற்றிப் படிக்கையில் எனக்கும் பேரனுக்கிருந்த அதே ஆவல்தான் இருந்தது. எந்த இடத்தில் மாட்டினார்கள், எப்படி மூடினார்கள் என்று மனம் துருவிற்று. 329 என்னும் எண்ணைக் கண்கள் வேகமாய்த் தாண்டிச் சென்றன. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பகுதியில் கண்களின் இச்சையைப் பற்றிப் பேசுகிறார். சிதைந்த பிணத்தைக் காண்பதில் என்ன இன்பம் இருக்க முடியும்? இருந்தும் அப்படியொன்று கிடக்கிறது என்றால் மக்கள் ஓடிச் சென்று பார்த்து, முகம் வெளிறித் திரும்புகிறார்கள் என்கிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது. சாலையில் விபத்து நடந்தால் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும் நம் காலத்துக்கு அது புதிதாகவே இருக்கிறது. அறிய வேண்டும் என்பதற்காகவே அறிவது, அறிந்ததனால் எவ்வகையிலும் மாறாமலிருப்பது ஆகியவைதாம் அவர் சுட்டும் நோய்.

ஆனால் விவரங்களை நாடுவதெல்லாம் நோயாகிவிடுமா? புனித தாமஸ் அக்குவினாஸ் இங்கே ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டுகிறார். அறிவு தன்னளவில் நல்லது. அதை முறையாக, ஊன்றித் தேடும் பண்பை அவர் நற்பண்புகளுள் ஒன்றாக வைக்கிறார். அதற்கு எதிரான குற்றத்தையே வீண் ஆவல் என்கிறார். இரண்டும் ஒரே பொருளை நோக்கலாம்; ஒரே அளவு நேரத்தையும் செலவிடலாம். நோக்கத்தாலும் விருப்பத்தின் ஒழுங்காலும் அவை வேறுபடுகின்றன. மருத்துவரும் வேடிக்கை பார்ப்பவரும் ஒரே காயத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே, கனிஷ்காவின் ஐந்தாம் எஞ்சினைச் செய்வது சரியா தவறா என்று பொதுவில் கேட்டுப் பயனில்லை. அந்த விவரம் நம்மை அதிலிருந்த மனிதர்களிடம் அழைத்துச் செல்கிறதா, அவர்களை மறைத்துக்கொண்டு தானே முன்னால் நிற்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் பெயரின் வேலை எனக்குத் தெளிந்தது. பெயர் எழுதாதவரை எங்கள் மேசையில் இருந்தது ஒரு வகை. போயிங் 747 என்னும் இனம். வகைக்கு வரலாறு உண்டு, வாழ்க்கை இல்லை. 1969-இல் முதன்முதலாகப் பறந்தது, 2023 ஜனவரியில் கடைசி விமானம் கொடுக்கப்பட்டது என்று அதைப் பற்றிச் சொல்லலாம். அதற்காக எவரும் அழுவதில்லை. பெயர் எழுதியவுடன் அது 'இது' ஆகிறது. இது மட்டுமே அன்று அங்கே இருந்தது. இதில் மட்டுமே அவர்கள் அமர்ந்திருந்தார்கள். திருமுழுக்கில் குழந்தைக்குப் பெயரிட்டு அழைக்கும் திருச்சபை இதை நன்கு அறியும். மனித இனத்தை நேசிப்பது எளிது. இன்ன பெயருடைய, இன்ன குறையுடைய, அடுத்த வீட்டில் இருக்கும் இந்த ஒருவனை நேசிப்பதுதான் கடினம். நாமறிந்த நல்லாயனும் தன் ஆடுகளைக் கூட்டமாக அழைப்பதில்லை. பெயர் சொல்லியே அழைக்கிறான்.

பெயர் மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தத் துயரமே சான்று. இறந்தோருள் 268 பேர் கனடாவின் குடிமக்கள். ஆயினும் அன்றைய கனடாப் பிரதமர் இந்தியப் பிரதமரிடம் இரங்கல் தெரிவித்தார் என்பதைக் குடும்பங்கள் பல்லாண்டு மறக்கவில்லை. நிறத்தையும் பெயரொலியையும் கண்டு, இது யாருடைய துயரம் என்று நாடே தவறாக எண்ணிக்கொண்டது. மாறாக, அயர்லாந்தின் தென்மேற்குக் கரையில் அகாகிஸ்டா என்னும் சிற்றூர் இருக்கிறது. முன்பின் அறியாத மக்களின் உடல்கள் தங்கள் கடலில் கிடைத்தபோது அந்தப் பகுதி மக்கள் உறவினரைப்போல் நின்றார்கள். 1986-இல் அங்கே கடலைப் பார்த்து ஒரு நினைவிடம் எழுந்தது. அதன் சுவரில் இறந்தோர் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் 23 காலையில் அங்கே கூடுகிறார்கள்.

மறுநாள் மாலை மருமகன் ஆலையிலிருந்து வந்ததும் இவற்றைப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, எங்க வேலையும் இதுதான். இழை அறுந்த இடத்தைச் சரியா சேர்க்கலைன்னா கூம்புல சுத்தினப்புறம் யாருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு ஊர்ல துணியாகும்போதுதான் தெரியும். அவங்க யாருன்னே நமக்குத் தெரியாது" என்றார். பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். தறியில் நிற்பவர் அந்தக் கட்டுத்துணி எந்த ஊரில், யாருடைய புண்ணின்மேல் படியப்போகிறது என்று அறியமாட்டார். துணியில் ஒரு பிசிறு விடாமல் பார்க்கும் அவருடைய கண்ணுக்கும், அறியாத அந்த நோயாளிக்கும் இடையே ஓர் உறவு இருக்கத்தான் செய்கிறது. பெயர் தெரியாதவர்மேல் நாம் செலுத்தக்கூடிய அன்பு பெரும்பாலும் இந்த உருவில்தான் இருக்கிறது: நம் கையில் உள்ள சிறிய வேலையைச் சரியாகச் செய்வது.

வான்கூவரில் அன்று வரிசைக்கு எதிரே நின்ற அலுவலரை நான் குற்றம் சொல்ல வரவில்லை. கொன்றவர்கள் குண்டு வைத்தவர்கள். அந்தப் பழியை வேறு யார்மேலும் ஏற்றுவது அறமாகாது. நீண்ட வரிசையும் ஒருவரின் ஓயாத வற்புறுத்தலும் சேர்ந்தால் நம்முள் எத்தனை பேர் இணங்காமலிருப்போம்? ஆயினும் பெட்டியின் உரிமையாளர் ஏறினாரா என்று பார்ப்பது ஒரு சிறு விவரம். அந்தச் சிறு விவரத்தின்மேல் 329 உயிர்கள் அமர்ந்திருந்தன. 1988-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகரின்மேல் மற்றொரு 747 விமானம் சிதறியபோதும், உரியவர் உடன் வராத பெட்டியே அதற்குக் கருவியாயிற்று. ஏறாதவரின் பெட்டி பறக்கலாகாது என்னும் விதி உலகெங்கும் இறுகியது இத்தகைய சாவுகளுக்குப் பிறகுதான். இன்று விமான நிலையத்தில் ஒரு பயணியைக் காணவில்லையென்று அவர் பெட்டியைத் தேடி இறக்கும்போது நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறோம். அந்தத் தாமதம் யாரிடமிருந்து நமக்கு வந்த கொடை என்பதை நினைப்பதில்லை.

இங்கே ஒரு தடையை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் எங்கள் விமானம் காலியானது. ஒவ்வொரு சாளரத்துக்கும் வளைவு உண்டு. சாளரத்துக்குள் முகம் இல்லை. குடிலில் அளவு தவறியிருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். மாதிரி விமானத்தில் அளவு தவறவில்லை, மனிதர்கள் இல்லை. இரண்டில் எது உண்மைக்கு நெருங்கியது என்று கேட்டால், குடிலைத்தான் நான் சொல்வேன். விவரங்கள் எத்தனை சேர்ந்தாலும் தாமாக அன்பாகிவிடுவதில்லை. அன்புள்ளவன் கையில் அவை கருவிகளாகலாம், அவ்வளவே. ஆகவே என் மகளின் அச்சம் பொருளற்றதல்ல. நாங்கள் அந்தப் பெயரை எழுதிவிட்டு, ஐந்தாம் எஞ்சினை விருந்தினருக்குப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தால், அந்த இறந்தோருக்கு இரண்டாம் முறையும் தீங்கு செய்தவர்களாவோம்.

இதையெல்லாம் பேரனிடம் பாடமாக நடத்தவில்லை. நடந்ததை, நான் படித்தபடி, பெட்டியிலிருந்து நினைவிடம்வரை சொன்னேன். அவன் தாயும் கதவோரம் நின்று கேட்டாள். "இப்ப நீயே சொல்லு தம்பி. சோழர் பெயரை ஒட்டினாலும் அழகாத்தான் இருக்கும்" என்றேன். நெடுநேரம் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியுடன் வந்த தாங்கியில் பொருத்தி வானில் பறப்பதுபோல் வைப்பதா, சக்கரங்களில் நிறுத்துவதா என்பது அதுவரை முடிவாகாதிருந்தது. முதல் நாளிலிருந்து அவன் பறப்பதுபோலத்தான் வேண்டும் என்று சொல்லிவந்தவன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் மூக்கில் ஈயம் வைத்திருந்தோம்.

"தாத்தா, கனிஷ்காதான் போடணும். அஞ்சாவது எஞ்சினும் மாட்டுவோம். ஆனா பறக்க வேண்டாம், சக்கரத்துல நிக்கட்டும்" என்றான். ஏன் என்று கேட்டேன். "நின்னாத்தானே பெட்டியை இறக்க முடியும்?" என்றான்.

என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்து, அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். டொராண்டோ விமான நிலையத்தில், அந்த மாலைப்பொழுதில், ஐந்தாம் எஞ்சினுக்காகத் தாமதித்துக்கொண்டு, எல்லாமே இன்னும் திருத்தக்கூடியதாக இருந்த அந்த நேரத்தில் கனிஷ்கா எங்கள் வீட்டில் நிற்கிறது. விருந்தினர் கேட்டால் பேரன் பெயரைச் சொல்கிறான். எஞ்சினைப் பற்றி அவர்களாகக் கேட்டாலொழியச் சொல்வதில்லை.

நவம்பர் மாதம் பிறந்தது. கல்லறைத் திருநாளை ஒட்டி இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலிகளுக்குப் பெயர்களை எழுதித் தருவது நம் பங்குகளின் வழக்கம். என் மகள் தன் மாமனார், மாமியார், என் மனைவி ஆகியோரின் பெயர்களை எழுதிய தாளை உறையிலிடுமுன் என்னிடம் காட்டினாள். மூன்று பெயர்களுக்குக் கீழே நான்காவது வரியாக, '1985 ஜூன் 23, கனிஷ்கா விமானத்தில் 329 பேர்' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. அந்த 329 பெயர்களையும் நாங்கள் அறியோம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் சமயத்தவரும் அல்லர். பீடத்தில் நின்று அந்த வரியைப் பங்குத்தந்தை வாசித்தபோது அவர் குரல் ஒரு கணம் தயங்கிப் பின் தொடர்ந்தது. நாங்கள் பெயரறியாதவர்களைப் பெயர் அறிந்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தோம்.

ஊர் திரும்பும் பேருந்தில் அமர்ந்து மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கையில் அன்றைய வண்ணக்கறை இன்னும் சிறிது இருந்தது.